மிக்ஸியின் அடியில் உள்ள சிவப்புப் பொத்தான்

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது கடைக்கு ஒரு மிக்ஸி வந்தது. திருகாணியைக் கழற்றுவதற்கு முன்பே, மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் எரிந்த வாடை அடித்தது. உள்ளே, அடியில் தெரியும் சிவப்புப் பொத்தானான ஓவர்லோட் சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் உருவி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். "அரைக்கும்போதெல்லாம் நின்று நின்று போனது அண்ணா. பொத்தான்தான் கெட்டுவிட்டது என்று நானே டைரக்டாகக் கொடுத்துவிட்டேன்" என்றார் கொண்டுவந்த தம்பி.

பொத்தான் கெடவில்லை. அவர் வீட்டிலிருந்து ஜாரை வரவழைத்து அடியிலிருந்து விரலால் சுழற்றிப் பார்த்தேன். அசையவில்லை. அரைத்த தேங்காய், பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்குள் இறங்கிக் காய்ந்து, அந்தத் தண்டை இறுகப் பிடித்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் முடிந்திருக்கும் வேலை. மோட்டாரில் சுழலும் பகுதியான ஆர்மேச்சரும் காயிலும் கருகியபின் என் கைக்கு வந்தது.

750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் ஓடும்போது மூன்று ஆம்பியருக்குச் சற்று அதிகமாக மின்சாரம் இழுக்கும். பிளேடு சிக்கி மோட்டார் சுற்ற முடியாமல் நின்றால் அது பல மடங்கு ஏறும். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. தண்டு நின்றால் விசிறியும் நிற்கும்; சூடு போக வழி இருக்காது. அந்தச் சூடு காயிலை எரிப்பதற்கு முன் இணைப்பைத் துண்டிக்கத்தான் அந்தப் பொத்தான். அது துள்ளி வெளியே வந்தால் மிக்ஸி உங்களிடம் ஏதோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸி திடீரென்று நின்றால் முதலில் சுவிட்சை அணைத்து பிளக்கை உருவுங்கள். ஜாரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு கவிழ்த்துப் பொத்தானை அழுத்துங்கள். காலி ஜாரை மாட்டி ஒரு நொடி ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் மோட்டாரில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. மாவு கெட்டியாக இருந்திருக்கும், அல்லது இடைவெளி விடாமல் ஓட்டியிருப்பீர்கள். ஐந்து நிமிடம் அரைத்தால் இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். காலி ஜாரோடும் பொத்தான் மறுபடி துள்ளினால், வேறொரு ஜாரை மாட்டிப் பாருங்கள். அதிலும் துள்ளினால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

வீட்டில் தயங்காமல் செய்யக்கூடியது ஜார் பராமரிப்புதான். கழுவியதும் ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுப்பு ஒட்டினால் புஷ் தேய்ந்து கசிகிறது என்று பொருள். அந்தக் கறுப்பு உங்கள் சட்னியிலும் கலக்கும், கசியும் தண்ணீர் மோட்டாருக்கும் இறங்கும். என் மேசைக்கு வரும் எரிந்த மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் கதை ஏதாவது ஒரு கசியும் ஜாரில்தான் தொடங்குகிறது. புஷ்ஷும் வாஷரும் மாற்றுவது சிறிய செலவு. மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

மோட்டார் உறுமுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால், மோட்டார் தண்டை ஜாரோடு கோக்கும் கப்ளரின் பற்கள் தேய்ந்திருக்கும். மிக்ஸியிலேயே மலிவான பாகங்களில் ஒன்று அது. ஜார் சிக்கினால் மோட்டாருக்கு முன்பாகத் தான் உடையட்டும் என்றே அதை பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். தண்டில் திருகி மாட்டும் வகையாக இருந்தால், மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். எதிர்த்திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். வழக்கமான போல்ட் என்று நினைத்துச் சுத்தியலால் தட்டி, தண்டையே வளைத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. புதிய கப்ளர் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பற்களின் எண்ணிக்கை மாறும்.

இதற்கு மேல், அதாவது அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றும் வேலை, உங்களுக்கு வேண்டாம். காற்றுத் துளை வழியே சிறு நீலப்பொறி தெரிவது இயல்பு. பெரிய ஆரஞ்சுப் பொறியும் கருகல் வாடையும் வந்தால், ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ஆர்மேச்சரே போயிருக்கலாம்; பிரித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். டேபிள் டாப் கிரைண்டரில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் இருப்பதால், பிளக்கை உருவிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். அனுபவமில்லாத கை அதற்குள் போகவே கூடாது.

கிரைண்டரைத் தொட்டால் "லேசாகச் சுருக்கென்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. ஈரக்கையோடு, வெறுங்காலோடு, எவர்சில்வர் பாத்திரத்தைத் தொட்டுக்கொண்டு வேலை செய்யும் இடம் சமையலறை. மூன்று பின் பிளக்கில் பெரிய பின் மற்றவற்றைவிட நீளமாக இருப்பது, அது முதலில் சேர்ந்து கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக. கசியும் மின்சாரத்தை எர்த்துக்குக் கொண்டுபோவது அதுதான். சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள், சாக்கெட்டை மாற்றுங்கள். சுருக்கென்றால் சாதனத்தைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கை எடுங்கள். பழுது பார்க்கும்வரை அதில் அரைக்க வேண்டாம். வீட்டில், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வரும்போது அதைப் பொருத்தச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைக்கு வரும்போது மிக்ஸியோடு எல்லா ஜார்களையும் எடுத்து வாருங்கள், எப்போதாவது பயன்படுத்தும் சின்ன ஜார் உட்பட. மோட்டாரை மட்டும் சரிசெய்து அனுப்பினால், அதே கசியும் ஜார் மறுநாள் அதே மோட்டாரின் மேல் உட்காரும்.