ரத்தச் செல் முளைவிடும் கணக்கு

'பிளாஸ்டோஜெனிசிஸ்' என்ற சொல்லில் வரும் 'பிளாஸ்ட்' பாறைக்கு வைக்கும் வெடி இல்லை. கிரேக்கத்தில் 'பிளாஸ்டோஸ்' என்றால் முளை, துளிர். சும்மா கிடந்த லிம்போசைட் என்ற வெள்ளையணு, தூண்டுதல் பட்டதும் பருத்து இரண்டாகப் பிரியத் தயாராவதற்குத்தான் அந்தப் பெயர். தமிழில் 'முளைப்பு' என்றே சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடத்தில் இந்த முளைப்பைத் தூண்டப் பல காலமாகப் பயன்படுவதும் ஒரு விதைச் சரக்குதான்: ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விளைகிற பீன்ஸின் விதை.

காயாகப் பறித்தால் பீன்ஸ், முற்றி உலர்ந்தால் ராஜ்மா, இனம் ஒன்றே. அந்தக் கொட்டையில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதம் இருக்கிறது, சுருக்கமாக பிஎச்ஏ. செல்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்வது அதன் வேலை. (வேகாத ராஜ்மா தின்றவர் சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பதும் இதனால்தான். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தை நம்பாமல் குக்கரில் வைப்பதே நல்லது.)

லிம்போசைட் வளர்ச்சி முடிந்த செல், இனிப் பிரியாது என்றுதான் 1960 வரை பலரும் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆய்வாளர் பீட்டர் நோவெல் பிஎச்ஏவைக் கையில் எடுத்தது சிவப்பணுக்களைக் கட்டிகட்டியாகச் சேர்த்து அகற்றுவதற்காக. மிஞ்சிய வெள்ளையணுக்களை வளர்த்துப் பார்த்தால், அவை பிரிந்துகொண்டிருந்தன.

உறங்கும் லிம்போசைட்டின் விட்டம் 7 மைக்ரான் அளவு. உட்கரு செல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் சைட்டோபிளாசம் ஒரு மெல்லிய விளிம்பு, அவ்வளவே. பிஎச்ஏ பட்ட சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. ஒரு நாள் போவதற்குள் செல் உப்பத் தொடங்குகிறது. உட்கருவின் இறுக்கம் தளர்ந்து அதற்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற புள்ளி தெரிகிறது. ஆர்என்ஏ பெருகுவதால், சாயம் ஏற்றிப் பார்த்தால் சைட்டோபிளாசம் அடர் நீலமாக இருக்கும். அதே நேரத்தில் செல் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைச் சுரக்கிறது, அதை ஏற்கும் வாயையும் தன் மேலேயே முளைக்க வைக்கிறது. தானே சமைத்துத் தானே உண்பது மாதிரி. இரண்டாம் நாளில் டிஎன்ஏ நகலெடுப்பு சூடுபிடித்து மூன்றாம் நாளில் உச்சம் தொடும். பரிசோதனைக்கு 72 மணி நேரம் என்று வைத்திருப்பதன் காரணம் இதுவே.

பிஎச்ஏ ஆள் பார்க்காமல் லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்களை எழுப்பிவிடும். கிருமி அப்படியல்ல. ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணும் செல் லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அந்த ஒன்றே முளைத்து, தன்னைப் போன்ற சந்ததியைப் பெருக்க வேண்டும். இதுதான் 'குளோனல் எக்ஸ்பான்ஷன்'. இதன் அடிப்படைக் கருத்தை 1957-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட் முன்வைத்தார். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிந்தால் 10 நாளில் 20 தலைமுறை. ஒன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடியும், சில மட்டும் நினைவுச் செல்லாகத் தங்கும்.

1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டதே வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத்தான். அந்தத் தடுப்பூசியின் கால அட்டவணைக்குப் பின்னாலும் இந்தக் கணக்கே இருக்கிறது. கடித்த அன்று ஊசி போட்டாலும் போதுமான ஆன்டிபாடி வர 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியைச் சமாளிக்கவே, தோலைத் துளைத்த காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை ஆன்டிபாடியைப் போடுகிறார்கள். 'ஊசிதான் போட்டாச்சே' என்று அதை விட்டுவிடக் கூடாது.

இனி, முளைப்பை அளப்பது. ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் குழாயில் 5 மி.லி. ரத்தம் எடுக்க வேண்டும். இடிடிஏ குழாய் வேண்டாம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தை ஐஸில் வைத்தால் செல்கள் மந்தமாகிவிடும், ஆகவே அறை வெப்பத்தில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துவது வழக்கம். மலையில் இடறுவது இந்த 'அறை வெப்பம்'தான். பாடநூல் சொல்வது 20 டிகிரியை ஒட்டி. ஜனவரியில் ஊட்டி அறை அதற்கு எவ்வளவோ கீழே. லிம்போசைட்டைப் பிரிக்க ரத்தத்தை மேலே அடுக்கிச் சுழற்றும் ஃபைக்கால் திரவத்தின் அடர்த்தி 1.077 என்பதும் 20 டிகிரிக்கான கணக்குதான். குளிர்ந்தால் அடர்த்தி கூடும். அப்போது கிரானுலோசைட் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் முழுதாக அடியில் இறங்காமல் லிம்போசைட் வளையத்தோடு கலந்துவிடும்.

பிரித்த செல்களை வளர்ப்புத் தட்டின் குழிக்கு ஒரு லட்சம் வீதம் ஆர்பிஎம்ஐ 1640 என்ற வளர்ப்பு ஊடகத்தில் 10 சதவீதம் சீரத்தோடு வைத்து, மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் அளவில் பிஎச்ஏ சேர்க்கலாம். அதிகம் ஊற்றினால் அதிகம் முளைக்கும் என்பதில்லை. அளவு மீறினால் முளைப்பு குறைந்துவிடும். இன்குபேட்டர் 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் என்பது சமவெளிக் கணக்கு. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். அதே 5 சதவீதம் வைத்தால் ஊடகத்தில் கரைவது குறைந்து, காரத்தன்மை ஏறி, நிறம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். 6.5 சதவீதத்தை ஒட்டி வைத்துப் பார்க்கலாம். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் அப்படித்தான்: 15 பவுண்டு முள்ளைப் பார்க்காமல் 121 டிகிரியைப் பார்க்க வேண்டும்.

கடைசி 16 முதல் 18 மணி நேரத்துக்குக் டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான தைமிடினைக் கதிரியக்க வடிவில் சேர்த்தால், டிஎன்ஏ நகலெடுக்கும் செல்கள் அதை உள்ளிழுக்கும். பிஎச்ஏ உள்ள குழியின் கதிர்வீச்சு எண்ணிக்கையை இல்லாத குழியின் எண்ணிக்கையால் வகுத்தால் தூண்டல் குறியீடு. 40,000-ஐ 800-ஆல் வகுத்தால் 50. ஆனால் வகுத்து வந்த எண் ஒன்றையே வைத்து முடிவு சொல்வது ஆபத்து. நோயாளிக்கு ஏற்கெனவே தொற்று இருந்தால் தூண்டாத குழியே 4,000 காட்டும்; குறியீடு 10 ஆகிவிடும், செல்கள் நன்றாக இருந்தபோதும். மூல எண்களையும் கேட்டு வாங்க வேண்டும். எதிர்ப்புசக்தியை அடக்கும் ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் மருந்துகளை எடுப்பவருக்குக் குறைந்து காட்டுவதும் எதிர்பார்க்க வேண்டியதே.

குரோமோசோம் பரிசோதனைக்கும் இதே 72 மணி முளைப்புதான் அடிப்படை. முடிவில் கால்சிசின் வகை மருந்தை விட்டால் பிரியும் செல் பாதி வழியில் நிற்கும், குரோமோசோம்களை எண்ணலாம். அந்தக் கால்சிசின் நம் செங்காந்தள் விதையில் இருப்பது. பழனி மலையடிவாரத்து ஒட்டன்சத்திரம் பக்கம் அதைப் பயிராகவே செய்கிறார்கள்.

ரத்த அறிக்கையில் 'பிளாஸ்ட்' என்று கண்டால் இந்த முளைப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே அது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையின் முதிராத செல்லைக் குறிக்கும். ரத்தப் புற்றுநோயைத் தேட வைக்கும் சொல் அது. டெங்குவிலோ வேறு வைரஸ் காய்ச்சலிலோ முளைத்த செல்களை 'ரியாக்டிவ் லிம்போசைட்' என்று எழுதுவார்கள். கண்ணாடித் தகட்டில் இரண்டும் சில நேரம் அண்ணன் தம்பி போலத் தெரியும். சந்தேகம் வந்தால் தகட்டை நோயியல் மருத்துவர் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் செல்களின் வகையைப் பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை.