ஆணுறை: உறை என்றால் ஓட்டை இருக்கக் கூடாது

ஹட்டன் பாமசியில் இந்தப் பொருளைப் பெயர் சொல்லிக் கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. "அது ஒன்னு குடுங்க" என்பார்கள், கடைக்காரருக்கும் விளங்கிவிடும். பேர் சொல்லியே ஆகவேண்டும் என்றால் இங்கே 'கொண்டம்'. தமிழ்நாட்டார் 'காண்டம்' என்று எழுதுகிறார்கள், எனக்கு பாலகாண்டம்தான் ஞாபகம் வரும். 1973இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் இதை 'பிரீத்தி' என்று பெயரிட்டு விற்கத் தொடங்கியது. சிங்களத்தில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள்.

ஆங்கிலச் சொல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் தலைகாட்டுகிறது. இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் வைத்தியர் ஒருவருடைய பெயர் என்பார்கள். அப்படியொரு வைத்தியர் இருந்ததற்கே சான்று இல்லை.

நம் சொல்லில் அந்தக் குழப்பம் கிடையாது. வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, கைக்குக் கையுறை. ஆண் அணிவது ஆணுறை, பெண் அணிவது பெண்ணுறை. (ஒன்றில் ஒரு ணகரம், மற்றதில் இரண்டு: 'பெ' தனிக்குறில் என்பதால் ஒற்று இரட்டிக்கிறது.) சிலர் 'கருத்தடை உறை' என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பால்வினை நோயைத் தடுப்பதும் இதன் வேலைதானே?

சரி, உறை நம்பகமானதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரத்தால் சோதிப்பார்கள். றப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கடந்துவிட்டால் ஓட்டை, அது கழிவுக்குப் போகும். அப்புறம் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரிக்குச் சில எடுத்து 300 மில்லிலீற்றர் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டுக் கசிவு பார்ப்பார்கள். இன்னும் சிலவற்றில் வெடிக்கும்வரை காற்றடிப்பார்கள். ஆணுறைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4074இன்படி நடுத்தர அகலமுள்ள உறை குறைந்தது 18 லீற்றர் காற்றைத் தாங்க வேண்டும். யட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குக்கூட இது ஆச்சரியமாக இருக்கும். 70 பாகை வெப்பத்தில் ஏழு நாள் வைத்துவிட்டும் காற்றடித்துப் பார்ப்பார்கள். தகரக் கூரைக்கடியில் செருகி வைப்பவர்கள் கவனிக்கவும்.

இதெல்லாம் பொருளுக்கான சோதனை. மனிதர்களை வைத்துப் பார்க்கும் கணக்கு வேறு: ஆணுறையை மட்டும் நம்பியிருக்கும் 100 பெண்களில் ஓர் ஆண்டில் எத்தனை பேர் கருவுறுகிறார்கள்? அமெரிக்க மதிப்பீட்டில், ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் 2 பேர். நடைமுறையில் 13 பேர். இரண்டையுமே 'தோல்வி வீதம்' என்று எழுதுவதால், படிப்பவர் உறையில்தான் கோளாறு என்று நினைத்துவிடுகிறார். 'பொருட் பழுது', 'பாவனைப் பிழை' என்று பிரித்து எழுதலாம். தேங்காய் எண்ணெய் பூசுவது இரண்டாவது வகை. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் றப்பர் பலவீனமாகிக் கிழியும், எத்தனை லீற்றர் காற்றைத் தாங்கியிருந்தாலும்.