'சைவமா, அசைவமா?' என்று நான் கேட்பதை நிறுத்திய கதை

மும்பை சயானில் உணவு ஆலோசனை பார்க்கிறேன். என் அறையிலிருந்து மேற்கே நடந்தால் தாராவி. தெற்கே ஒரு ஸ்டேஷன் போனால் மாட்டுங்கா. இரண்டு பக்கத்திலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். புதிதாக வருபவர்கள் நிரப்ப ஒரு படிவம் வைத்திருந்தேன். பெயர், வயது, எடை, அதற்கடுத்து 'சைவம் / அசைவம்' என்று இரண்டு கட்டம். எடை எழுதத் தயங்குவார்கள், வயதில் இரண்டு மூன்றைக் குறைத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் பேனா நிற்காது. அதில் அவர்கள் தங்கள் குடும்பத்தையும் ஊரையும்தான் எழுதித் தருகிறார்கள் என்று எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

உறைக்க வைத்தவர்கள் ஒரே வாரத்தில் வந்த இரண்டு பெண்கள்.

முதலாமவர் மாட்டுங்கா மாமி. 61 வயது, சர்க்கரை நோய்க்குப் பதினோரு வருஷமாக மெட்ஃபார்மின் மாத்திரை. "ராத்திரி ஆனா உள்ளங்கால்ல எறும்பு ஊர்றாப்ல இருக்கு. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியறதில்லே" என்றார். சர்க்கரை இருந்தால் கால் மரத்துப்போகும் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஹீமோகுளோபின் 12.3, அதில் யாருக்கும் சந்தேகம் வராது. படிவத்தில் சைவம் என்று டிக் போட்டதோடு நில்லாமல் வாயாலும் சொன்னார்: "சுத்த சைவம்மா. அமாவாசைன்னா வெங்காயம்கூட ஆத்துல கிடையாது."

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டேன். காலையில் காபி, பால் இரண்டு ஸ்பூன். மதியம் சாதம், ரசம், கீரை. நீர் மோர், அதாவது மோர் என்று பெயர் சொல்லிக்கொண்ட தண்ணீர். இரவு இரண்டு சப்பாத்தி. தயிர்? "அதை விட்டு ரெண்டு வருஷமாறது. பால், தயிர் எல்லாம் சுகருக்கு விஷம்னு யூடியூப்ல ஒருத்தர் சொன்னார்."

நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லி அவருடைய டாக்டருக்கு எழுதினேன். 118 என்று வந்தது. பல லேப்களில் 200 பிகோகிராம்தான் கீழ்க்கோடு.

பி12 எந்தச் செடியிலும் கிடையாது. நுண்ணுயிர்கள் உண்டாக்குவது, நமக்கு மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாகத்தான் வருகிறது. ஆக, முட்டை தொடாத வீட்டுக்கு இருக்கிற ஒரே வாசல் பாலும் தயிரும்தான். அந்த வாசலை மாமி ஒரு வீடியோவைப் பார்த்துச் சாத்திவிட்டார். மெட்ஃபார்மினை நீண்டகாலம் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவதும் குறையும். கல்லீரலில் வருஷக்கணக்குக்குச் சேமிப்பு இருப்பதால் பால் நிறுத்திய மறுமாதமே எதுவும் தெரியாது, மெதுவாகத்தான் கரையும். இதில் கீரை வேறு. கீரையில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய இருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் மூடிக்கொள்ளலாம், உள்ளே நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். மாமியின் 12.3 ஹீமோகுளோபின் ஏமாற்றியது இப்படித்தான் இருக்கவேண்டும்.

டாக்டர் ஊசியும் பிறகு மாத்திரையும் எழுதினார். மாமி கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை சைவமா?" நியாயமான கேள்விதான்; கேப்சூலின் கூடு பெரும்பாலும் ஜெலட்டின், அது விலங்கிலிருந்து வருவது. மாத்திரையாகவே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். உள்ளே இருக்கும் பி12 பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது, அதில் சங்கடம் இல்லை. எறும்பு ஊர்வது குறைய ஐந்தாறு மாதம் ஆனது. முழுதாகப் போகவில்லை. தாமதமாக வந்தால் அப்படித்தான்.

இட்லி மாவு புளிப்பதால் பி12 உண்டாகிறது, பழைய சோற்றில் கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றுவதை எனக்கே மாதம் நாலு பேர் அனுப்புகிறார்கள். பழைய சோறு எனக்கும் பிடிக்கும். அதை நம்பி பி12 கணக்கு போடாதீர்கள்.

இரண்டாமவர் தாராவி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், 34 வயது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, ஹீமோகுளோபின் 8.6. அசைவம் என்று டிக். பழக்கதோஷத்தில், புரதம் போய்க்கொண்டுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை சிக்கன் எடுப்போம் மேடம்."

"எவ்வளவு?"

"முக்காக் கிலோ."

"உங்களுக்கு எத்தனை துண்டு?"

சிரித்தார். "பிள்ளைகளுக்கும் அவுகளுக்கும் மாமியாருக்கும் வச்சிட்டு, இருந்தா கழுத்து. இல்லன்னா குழம்பு ஊத்திக்கிடுவேன்."

மற்ற ஆறு நாளும் சோறு, சாம்பார், கூடவே ஒரு டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சாம்பார் என்றதும் நமக்குப் பருப்பு நினைவு வரும். கணக்கு போட்டுப் பாருங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் நாளுக்கு 100 கிராம் துவரம்பருப்பு வேகிறது என்று வைத்தால், அதில் புரதம் சுமார் 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. அரிசியும் கொஞ்சம் தரும், ஆனாலும் துண்டு விழும். அந்த வாரம் 'அசைவப்' பெண்ணின் தட்டில் இருந்ததும் 'சைவ' மாமியின் தட்டில் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். இருவரும் எதிரெதிர்க் கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள்.

டிவி விவாதங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த இரண்டு டிக்குகள்தான் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் சைவம் என்றால் தூய்மை, மறுபக்கம் அசைவம் என்றால் பலம், உரிமை. நடுவில் தட்டு காணாமல் போய்விடுகிறது. அசைவம் சமைக்கிற பிராமணப் பெண்ணைக் காட்டிய 'அன்னபூரணி' படத்தின் மேல் இதே மும்பையில்தான் போலீசில் புகார் போனது. 2024 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ் அதை எடுத்துவிட்டது. அதே வருஷம் மார்ச்சில் சொமாட்டோ சுத்த சைவ டெலிவரிக்கென்று பச்சைச் சட்டையை அறிவித்து, மறுநாளே சட்டையை மட்டும் திரும்பப் பெற்றது. அசைவம் கொண்டுவருவது வழக்கமான சிவப்புச் சட்டை என்று ஆகிவிட்டால், அது வாசலில் வந்து நின்றதுமே சிலருக்கு வீட்டு ஓனரிடம் சிக்கல் வரலாம் என்பதும் அவர்களே சொன்ன காரணம். மும்பையில் வீடு தேடியவர்களுக்கு அது புரிந்திருக்கும்.

எண்களோ வேறு கதை சொல்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள ஆண்களில் 83 சதவீதத்துக்கு மேல் மீன், கோழி, இறைச்சி ஏதாவது சாப்பிடுகிறவர்கள். பெண்களில் 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தப் 13 புள்ளி இடைவெளியைப் பற்றி ஒரு விவாதத்தையும் நான் டிவியில் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் 2.35 சதவீதம் என்றது 2014 மாதிரிப் பதிவு ஆய்வு. இங்கே என் குஜராத்திப் பக்கத்து வீட்டம்மாவிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். மதராஸி என்றால் அவருக்கு மாட்டுங்கா, ராமா நாயக் இலைச் சாப்பாடு. அது 1942இல் வந்த உடுப்பிக்காரர் கடை என்பது வேறு விஷயம்.

நம் சொல்லே கொஞ்சம் விவகாரமானது. சிவனை வணங்குவது சைவம். அந்தச் சிவனுக்கே பன்றிக் கறியைப் பதம் பார்த்துப் படைத்த கண்ணப்பர் அறுபத்து மூவரில் ஒருவர். இலங்கைத் தமிழர்கள் 'மரக்கறி' என்றும் சொல்கிறார்கள். அதில் காய் மட்டும்தான் இருக்கிறது, யாரும் யாரைவிடவும் உயர்வில்லை.

கொல்லக் கூடாது என்று நினைத்து மறுப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. நானே வீட்டில் கறி சமைப்பதில்லை. நோயாளியிடம் முட்டை சாப்பிடுங்கள் என்று கட்டாயப்படுத்தியதும் இல்லை. எனக்குச் சிக்கல் மறைப்பதில்தான்.

காட்கோபர் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு தமிழ் தம்பதி. வீடு கிடைத்ததே வெஜ் என்று சொன்னதால்தான். மனைவிக்கு ஐந்து மாதம். அதுவரை தினம் இரண்டு முட்டை வேகவைத்து, ஓட்டைப் பால் கவரில் சுருட்டி, கணவர் ஆபீஸ் பையில் எடுத்துப்போய்ப் போட்டுவந்தார். ஒருநாள் மாடிப்படியில் யாரோ 'வாசனை' என்று சொல்ல, அன்றோடு முட்டை நின்றது. படிவத்தில் அந்தப் பெண் சைவம் என்றுதான் எழுதியிருந்தார். என்னிடம் உண்மையை எழுதினால் குடியிருப்பு சொசைட்டி செயலாளருக்குத் தகவல் போய்விடுமோ என்ற பயம்! முட்டை நின்ற இடத்தில் எதுவும் வந்து உட்காரவில்லை. வேர்க்கடலை, பனீர், சுண்டல், அரை லிட்டருக்குக் குறையாத பாலும் தயிரும் என்று எழுதிக்கொடுத்தேன். பி12, இரும்பு இரண்டையும் டாக்டரிடம் பேசச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு கட்டத்தையும் எடுத்தேன். இப்போது படிவத்தில் ஒரே வரி: 'நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாயில் போட்டது எல்லாம்.' கீழே எட்டுக் கோடு. எதை விட்டுவிட்டீர்கள், யாருக்காக விட்டீர்கள் என்று வாயால் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சைவமானால் வருஷத்துக்கு ஒரு முறையாவது பி12 பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். அசைவமானால் அந்த வாரம் உங்கள் தட்டில் விழுந்த துண்டை எண்ணுங்கள்.

தாராவிப் பெண் மூன்று மாதம் கழித்து வந்தார். இரும்பு மாத்திரையோடு ஹீமோகுளோபின் 10.4 ஆகியிருந்தது. டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளியிருந்தார், வாரத்தில் மூன்று நாள் நெத்திலிக் கருவாடு சேர்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ரெண்டு துண்ட எனக்குத் தனியா எடுத்து வச்சிட்டுத்தான் சட்டியவே வெளிய கொண்டாந்தேன் மேடம். அவுக கவனிக்கவே இல்ல."