கேம் கன்சோலுக்கு லேன் கேபிள்: அடாப்டர் வாங்கும் முன்பும் மாட்டிய பிறகும்

ஆன்லைன் ஆட்டத்தில் எதிராளி திடீர் திடீரென இடம் மாறித் தெரிகிறார், அடித்த அடி விழவில்லை, நடுவில் இணைப்பே அறுந்துபோகிறது. இப்படி நடந்தால் பலரும் முதலில் செய்வது இணையத் திட்டத்தை அதிக வேகத்துக்கு மாற்றுவதுதான். பெரும்பாலும் அந்தச் செலவு வீண். ஆட்டம் நடக்கும்போது கன்சோல் அனுப்பிப் பெறும் தரவு மிகக் குறைவு. பல ஆட்டங்களுக்கு 1 எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது. ஆட்டத்தைக் கெடுப்பது தாமதத்தின் ஏற்ற இறக்கம். பிங் (தரவு சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 40 மில்லிசெகண்டிலேயே நிலையாக நின்றால் கை அதற்குப் பழகிவிடும். 15க்கும் 150க்கும் மாறி மாறிக் குதித்தால் யாராலும் ஒழுங்காக ஆட முடியாது.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். வீட்டிலுள்ள போன்கள், டிவி, பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாமே அதே சேனலில் முறைக்காகக் காத்திருக்கின்றன. சிக்னல் கெட்டால் அதே பாக்கெட்டை (தரவுத் துண்டை) திரும்ப அனுப்ப வேண்டும். குதிப்பு அங்கிருந்துதான் வருகிறது. லேன் கேபிளில் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் தனித்தனியாக நடக்கும், காத்திருப்பு இல்லை. ஆனால் கேபிள் சரிசெய்வது கன்சோலுக்கும் ரூட்டருக்கும் இடையிலான தொலைவை மட்டும்தான். ரூட்டருக்கு அப்பால் இருக்கும் கோளாறு கேபிள் போட்ட பிறகும் அப்படியே இருக்கும். இது தெரியாமல் அடாப்டர் மேல் அடாப்டராக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

முதலில், உங்களுக்கு அடாப்டர் (யுஎஸ்பி போர்ட்டில் லேன் கேபிளை இணைக்க உதவும் சிறு கருவி) தேவையா என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 3, 4, 5, எக்ஸ்பாக்ஸ் 360, ஒன், சீரீஸ் எஸ், சீரீஸ் எக்ஸ் அனைத்திலும் லேன் போர்ட் உள்ளேயே இருக்கிறது. கேபிள் ஒன்றே போதும். நின்டெண்டோவில்தான் குழப்பம். வீ, வீ யூ இரண்டிலும் லேன் போர்ட் கிடையாது. 2017இல் வந்த முதல் ஸ்விட்சின் டாக்கிலும் (டிவியுடன் இணைக்க ஸ்விட்சைச் செருகி வைக்கும் பெட்டி) இல்லை. 2021இல் வந்த ஓஎல்இடி மாடலின் டாக்கிலும், 2025இல் வந்த ஸ்விட்ச் 2 டாக்கிலும் இருக்கிறது. ஆக, யுஎஸ்பி லேன் அடாப்டர் தேவைப்படுவது பெரும்பாலும் பழைய ஸ்விட்ச் டாக் வைத்திருப்பவர்களுக்கு.

அடாப்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதனுள் இருக்கும் சிப். கணினியில் புது அடாப்டரைச் செருகினால் டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) தேடி ஏற்றிக்கொள்ளலாம்; கன்சோலில் அந்த வழியே இல்லை. அதன் சிஸ்டம் மென்பொருளுக்குள் ஏற்கெனவே எந்தச் சிப்புக்கு டிரைவர் இருக்கிறதோ அது மட்டும்தான் வேலை செய்யும். ஏசிக்ஸ் நிறுவனத்தின் ஏஎக்ஸ்88179 (கிகாபிட், யுஎஸ்பி 3.0), ஏஎக்ஸ்88772 (100 எம்பிபிஎஸ், யுஎஸ்பி 2.0) இரண்டும் ஸ்விட்சில் ஓடுபவை. பெட்டியில் விண்டோஸ், மேக் என்று மட்டும் போட்டு, சிப் பெயரும் இல்லாமல் ஸ்விட்ச் என்ற சொல்லும் இல்லாமல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அடாப்டரில் விளக்கு எரிகிறது, கன்சோல் மட்டும் கேபிளே இல்லை என்கிறது என்றால் பெரும்பாலும் சிப் பொருந்தவில்லை என்றுதான் பொருள். கேபிளை மாற்றிப் பயனில்லை.

டாக்கின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டும் யுஎஸ்பி 2.0 போர்ட்டுகள். கிகாபிட் அடாப்டரை அங்கே மாட்டினால் 1000 எம்பிபிஎஸ் வராது, யுஎஸ்பி 2.0இன் உச்சமே 480, கைக்குக் கிடைப்பது 300ஐ ஒட்டி இருக்கும். ஆட்டத்துக்கு அது தாராளம். பதிவிறக்கத்தில் மட்டும் வித்தியாசம் தெரியும். 50 ஜிபி ஆட்டம் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க ஏறக்குறைய 70 நிமிடம் ஆகும், 300இல் 22 நிமிடம் போதும், அதுவும் அனுப்பும் சர்வர் அந்த வேகத்தில் கொடுத்தால். பக்கவாட்டுப் போர்ட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. யுஎஸ்பி 3.0 வேகத்தில் ஓடும் கருவியும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை ஆய்வு செய்து ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. கன்ட்ரோலர்களின் புளூடூத்தும் அதே பட்டையில்தான் ஓடுகிறது. எந்தக் கன்சோலிலும் யுஎஸ்பி 3.0 கருவி ஒன்றைச் செருகிய பிறகு கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்தால், அந்தக் கருவியை யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றியோ கொஞ்சம் தள்ளி வைத்தோ பாருங்கள்.

மாட்டும் முறை எளிது. கேபிளின் ஒரு முனையை ரூட்டரில் லேன் என்று எழுதியிருக்கும் போர்ட்டில் செருகுங்கள்; நிறம் மாறித் தனியாக இருக்கும், இணையம் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டில் அல்ல. கிளிப் 'டிக்' என்று பூட்ட வேண்டும். மறுமுனை அடாப்டரில், அடாப்டர் டாக்கில். பிறகு ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸ், இன்டர்நெட், இன்டர்நெட் செட்டிங்ஸ் போய் வயர்டு கனெக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிளேஸ்டேஷன் 5இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், செட்டிங்ஸ், செட் அப் இன்டர்நெட் கனெக்‌ஷன். கேபிள் செருகியதாலேயே கன்சோல் அதற்கு மாறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்; நிலைத் திரையில் வயர்டு என்று காட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஸ்விட்சை டாக்கிலிருந்து கழற்றிக் கையில் வைத்து ஆடினால் அது வைஃபைக்குத் திரும்பிவிடும், இது கோளாறல்ல.

ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. கேபிள், ரூட்டர் போர்ட் இரண்டையும் மாற்றிப் பார்த்து, ரூட்டரை அணைத்து மீண்டும் போடுங்கள்.

கேபிளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், ஒன்றோடொன்று முறுக்கிய நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்களில் இருக்கும் இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் கிரிம்ப் செய்யும்போது (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது) நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி சரியாகப் படியாவிட்டால் இணைப்பு செத்துப்போகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். வேகச் சோதனை எப்போது பார்த்தாலும் 93, 94 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது, திட்டமோ 300 என்றால், முதல் சந்தேகம் இந்தக் கம்பி மேல் போகட்டும். நீங்களே பிளக் போடுவதானால் கம்பிகளை அடுக்கும் பி வரிசை (டி568பி) இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இதில் பச்சை ஜோடி 3, 6 என்று பிரிந்து உட்காருவதைக் கவனியுங்கள். ஜோடி ஜோடியாக அடுக்கினால் பார்க்க ஒழுங்காக இருக்கும். இரு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் முறுக்கு குலைந்து சிக்னல் ஒன்றோடொன்று கலக்கும், பாக்கெட் தொலையும்.

கேட்-5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். கன்சோலுக்கு கேட்-7, கேட்-8 என்று தேடிப் போகத் தேவையில்லை. முழுச் செம்பா என்பதுதான் முக்கியம். சிசிஏ என்று அச்சிட்டிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும்.

கேபிள் இழுக்க வழியில்லாத வீடுகளில் பவர்லைன் அடாப்டர் (வீட்டு மின்கம்பி வழியாகத் தரவை அனுப்பும் கருவி) போடுகிறார்கள். அதைச் சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருக வேண்டும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் உள்ளே இருக்கும் ஃபில்டர் சிக்னலையே விழுங்கிவிடும். மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில் இரண்டு அடாப்டரும் ஒரே பேஸில் (மின்முனையில்) இருப்பது நல்லது. பெட்டியில் 500, 600 என்று போட்டிருக்கும் பலவற்றின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். மெஷ் வைஃபையின் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்கத் தரும் வைஃபை) துணைப் பெட்டியில் கேபிள் செருகுவதும் இப்படியே ஏமாற்றும். கன்சோல் வயர்டு என்று காட்டும், ஆனால் அந்தப் பெட்டி முதன்மை ரூட்டருடன் வைஃபையில் பேசிக்கொண்டிருந்தால் பழைய குதிப்பு அப்படியேதான் இருக்கும்.

கேபிள் சரி, பிங் சரி, ஆனாலும் நண்பரின் அறையில் சேர முடியவில்லை, வாய்ஸ் சாட் வரவில்லை என்றால் அது நாட் (NAT, வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது முகவரி வழியாகப் பேச ரூட்டர் செய்யும் முகவரி மாற்றம்) பிரச்சினை. ஸ்விட்சில் கனெக்‌ஷன் டெஸ்ட் கொடுத்தால் ஏ, பி, சி, டி, எஃப் என்று வரும். ஏ, பி நல்லது, டி வந்தால் பலருடன் இணையாது. பிளேஸ்டேஷனில் டைப் 3, எக்ஸ்பாக்ஸில் ஸ்ட்ரிக்ட் அதற்குச் சமம். முதலில் ரூட்டரில் யுபிஎன்பி (ஆட்டத்துக்கு வேண்டிய வழியைத் தானாகத் திறக்கும் வசதி) இயங்குகிறதா பாருங்கள். அடுத்து, சேவை நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியும் ரூட்டராக ஓடி, நீங்கள் வாங்கியதும் ரூட்டராக ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றை பிரிட்ஜ் நிலைக்கு (ரூட்டர் வேலை பார்க்காமல் தரவைக் கடத்த மட்டும் செய்யும் நிலைக்கு) மாற்ற வேண்டும். ரூட்டரின் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுத் தருகிறார்கள். உங்கள் பக்கம் எதைத் திறந்தும் பலன் குறைவு, பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும். கன்சோலின் முகவரியை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வரும் எல்லாத் தரவையும் ஒரே முகவரிக்கு அனுப்பும் ரூட்டர் அமைப்பில்) போடச் சொல்லும் அறிவுரையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்த முகவரி பின்னாளில் வீட்டுக் கணினிக்கோ கேமராவுக்கோ போய்விட்டால், அந்தக் கருவி இணையம் முழுவதற்கும் திறந்து கிடக்கும்.

வீட்டில் யாராவது வீடியோவைப் பதிவேற்றும்போது மட்டும் பிங் ஏறுகிறதா? அது ரூட்டரில் தேங்கும் வரிசை. ரூட்டரில் எஸ்கியூஎம் (வரிசை தேங்காமல் ஒழுங்குபடுத்தும்) வசதி இருந்தால் இயக்கி, பதிவேற்ற வேகத்தை அளந்த அளவில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்திப் பாருங்கள்.

கேபிளை மாடியின் வெளிப்புறமாகவோ அடுத்த கட்டடத்துக்கோ இழுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அருகில் மின்னல் விழுந்தால் நீளமான செம்புக் கம்பியில் பாயும் அழுத்தம் ரூட்டர் போர்ட், கன்சோல், எச்டிஎம்ஐ வழியாக டிவி வரை எரிக்கும். கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடுங்கள். இடி இடிக்கும் முன்பே பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள், சுவரிலுள்ள மின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கூரையில் இருக்கும் ரேடியோ பெட்டிக்கு லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ இன்ஜெக்டரின் பிஓஇ போர்ட்டில் கன்சோலின் கேபிளைச் செருகவே கூடாது. சில வகை இன்ஜெக்டர்கள் எதிரில் இருப்பது என்ன கருவி என்று சோதிக்காமலேயே 24 வோல்ட்டை அனுப்பிவிடும்.