நிரலில் தப்பில்லை, பெட்டி மட்டும் நகரவில்லை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குக் கன்வேயர் (பெட்டி நகர்த்தும் பெல்ட்) கட்டுப்பாட்டு நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள், "அண்ணே, இனி நிரலே எழுத வேண்டாம். என்ன நடக்கணும்னு காலத் தருக்கத்தில், அதாவது 'எப்போதும்', 'என்றாவது' என்று நிபந்தனை சொல்லும் கணித மொழியில், எழுதிக் கொடுத்தால் கருவியே நிரலை எழுதிடும், பிழையே வராது" என்றார். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு எங்கள் ஒரு சனிக்கிழமை முழுசாகப் போனது.

இது புதுக் கனவு இல்லை. நிபந்தனையைக் கொடுத்தால் அதை நிறைவேற்றும் கருவியைத் தானாகவே உருவாக்க முடியுமா என்று தருக்கவியலாளர் அலோன்சோ சர்ச் 1957இல் கேட்ட கேள்விக்கு, 1969இல் பூக்கியும் லேண்ட்வெபரும் விடை சொன்னார்கள். சென்சார்கள் ஒரு பக்கம், நிரல் மறுபக்கம் என்று முடிவில்லாத ஆட்டமாகப் பார்த்து, சென்சார் எப்படிக் காய் நகர்த்தினாலும் நிரல் ஜெயிக்கும் வழியைக் கருவி தேடுகிறது. 1977இல் அமீர் புனுவேலி நிரல்களுக்குக் கொண்டுவந்த காலத் தருக்கத்தில் நிபந்தனை எழுதினால், நிபந்தனை நீள நீளத் தேடும் நேரம் இரட்டை அடுக்குக்குறி வேகத்தில் (அடுக்கின் மேல் அடுக்காக) ஏறும். 2006இல் வந்த ஜிஆர்(1) என்ற சுருக்க வடிவத்தில் அது, சென்சாரும் நிரலும் சேர்ந்து இருக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்கோடு நின்றுவிடுகிறது. எங்களைப் போன்றவர்கள் தொட்டுப் பார்க்கத் துணிவது அதனால்தான்.

எங்கள் சோதனையில் இரண்டு கன்வேயர், நடுவில் ஒரே ரோபோ கை. 'கையைப் பயன்படுத்த இரு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் அனுமதி கூடாது', 'யார் கேட்டாலும் என்றாவது அனுமதி கிடைக்க வேண்டும்' என்று எழுதினோம். வந்த நிரலைத் திரையில் ஓட்டினால், யாரும் கேட்காமலே இடம், வலம், இடம், வலம் என்று அனுமதி பாய்கிறது, கை காற்றைப் பிடித்துப் பிடித்து வைக்கிறது. கேட்காமல் தராதே என்று நாங்கள் எழுதவே இல்லையே!

அதைச் சரிசெய்தோம். அப்புறம்தான் பெரிய கூத்து. 'சென்சார் முன்னால் பெட்டி நின்றால் என்றாவது விலகும்' என்று சூழலைப் பற்றி ஓர் அனுமானம் சேர்த்திருந்தோம். அனுமானம் பொய்த்தால் நிரலுக்கு எந்தக் கடமையும் இல்லை என்பது இந்த முறையின் விதி. நிரல் என்ன செய்தது தெரியுமா? பெட்டி சென்சார் முன்னால் வந்ததும் பெல்ட்டை நிறுத்திவிட்டது. பெட்டி விலகாது, அனுமானம் பொய், நிரலுக்கு லீவு. கணக்குப்படி நூற்றுக்கு நூறு சரி! 'பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தால்' என்று முன்னால் சேர்த்த பிறகுதான் அது வேலைக்குத் திரும்பியது. இப்போதெல்லாம் அனுமானத்தைத் தன் கையாலேயே நிரலால் உடைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

கடைசியாகத் தம்பி நிறுத்து பொத்தானைச் சேர்த்தார், அழுத்தியிருக்கும்வரை அனுமதி கூடாது. (உண்மையான அவசர நிறுத்தம் தனிக் கம்பியில்தான் இருக்க வேண்டும், இப்படி வந்த நிரலை நம்பி அதை விடாதீர்கள்.) கருவி 'முடியாது' என்றது. பொத்தானை யாராவது அழுத்தியபடியே விட்டுவிட்டால் அனுமதி தருவது எப்படி? 'என்றாவது விடுவிப்பார்கள்' என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் முதலில் லைனில் போய்க் கேட்டு வா என்று அனுப்பினேன். சிரித்துக்கொண்டே வந்தார். இரவு ஷிப்டில் அழுத்திவிட்டுத் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கப் போனால், சில நாள் காலை ஷிப்ட் ஆள் வந்துதான் விடுவிப்பாராம். காலத் தருக்கத்தில் அதுவும் 'என்றாவது'தான்.