ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய டீசல் பிக்கப்: பம்பை இறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகும். கால் மணி நேரம் கழித்து சாவி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இந்தப் புகாரோடு பட்டறைக்கு வருகிற பலர், "பம்பை இறக்கணும்னு சொல்லிட்டாங்க" என்று முடிவையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். என்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இந்தப் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்வது பெரிய செலவு. அதைச் செய்த பிறகும் வண்டி நின்று, வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் வண்டி என்றால் ஸ்கேனரில் கிராங்க் சென்சார், ரெயில் பிரஷர் சென்சாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கிற (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுகிற) பழக்கம் கூடவே கூடாது. ஓடும் என்ஜினில் அங்கே அழுத்தம் 1000 பாரைக்கூடத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

டிரைவரிடம் நான் முதலில் கேட்பது, எப்படி நின்றது என்பதைத்தான். சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நின்றதா, இல்லை இழுவை குறைந்து திணறித் திணறி நின்றதா?

பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் போக வேண்டும். பழைய ரோட்டரி பம்புகள் பலவற்றில் டீசலைத் திறந்துவிடும் சோலினாய்டுக்கு (மின்சாரத்தில் இயங்கும் வால்வுக்கு) 12 வோல்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது விட்டுப்போனால் டீசல் நின்றுவிடும். தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச், லூசான ஃபியூஸ், மேலே உறை நன்றாக இருந்து உள்ளே அறுந்துபோன ஒயர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சோலினாய்டு ஒயரோடு ஒரு சின்ன பல்பை இணைத்து, டேஷ்போர்டில் கண்ணில் படும்படி வைத்து ஓட்டச் சொல்வேன். வண்டி நிற்கும்போது பல்பும் அணைந்தால் ஒயரிங்தான். பல்ப் எரிந்துகொண்டே வண்டி நின்றால், சோலினாய்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் சூட்டில் விட்டுவிடுகிறதா என்று பார்க்கலாம்.

திணறி நின்றால் டீசல் வரத்தில் கோளாறு. நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டியும் ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தாலே போதும். டேங்க் அடியில் துருவும் கசடும் சேர்ந்திருந்தாலும் இதே கதைதான். ஓடும்போது குப்பை, டீசலை உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் சல்லடையில் போய் ஒட்டும். என்ஜின் நின்றதும் இழுவை இல்லாமல் கீழே உதிரும். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்புவது அதனால்தான்.

அப்புறம் ஏர். "எங்கேயும் லீக் இல்லையே" என்பார்கள். டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழம் டிரான்ஸ்பரண்ட் டியூப் மாட்டினால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும். ஃபில்டர் மாற்றும்போது பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போடுவது இதற்கு அடிக்கடி காரணமாகிறது. சில ரூபாய் வாஷர்தான், புதிது கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் ஒரு பிக்கப் வந்தது. ஃபில்டரும், டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீடு பம்பும் மாற்றி, வேறொரு இடத்தில் பெரிய பம்பும் சர்வீஸ் ஆகியிருந்தது. பேச்சுவாக்கில் டிரைவர், "ஃபுல் டேங்க் அடிச்ச அன்னைக்கு மட்டும் நிக்கிறதில்லண்ணே" என்றார். அங்கேதான் வழி கிடைத்தது. அரை டேங்க்குக்கும் கீழே டீசல் வைத்து, சமதளத்தில் லோடோடு ஓட்டிப் பார்த்தோம், நின்றது. பிறகு டேங்க்கை விட்டுவிட்டு, கேபினுக்கு வெளியே கட்டிய 5 லிட்டர் கேனிலிருந்து டீசல் கொடுத்து, ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்கே திருப்பி, அதே ரோட்டில் ஓட்டினோம், நிற்கவில்லை. டேங்க்குக்குள் இருந்த உறிஞ்சு குழாயைக் கழற்றி ஒரு முனையை அடைத்து, தண்ணீரில் முக்கி ஊதினால், நடுக்குழாயில் துரு அரித்த குண்டூசி ஓட்டையிலிருந்து குமிழி வருகிறது. அந்த ஓட்டை டீசலில் மூழ்கியிருக்கும்வரை பிரச்சினை இல்லை. மட்டம் இறங்கினால் அது காற்றை இழுக்கும். குழாயை மாற்றியதோடு சரியாகிவிட்டது.

பம்பும் கெடத்தான் செய்யும். சூடானதும் நின்று, எவ்வளவு அடித்தாலும் ஸ்டார்ட் ஆகாமல், பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவைத்ததும் கிளம்பினால், பம்ப் உள்ளே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது டீசல் பம்ப் கடைக்குத் தயங்காமல் போகலாம்.

காரணம் தெரியும்வரை வண்டியை மலை ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வாக்குவம் என்ஜின் சுற்றினால்தான் உண்டாகும். என்ஜின் நின்றுவிட்டால் பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கனக்கும், பயப்படாமல் பலமாகத் திருப்புங்கள். இறக்கத்தில் கிளட்சை மிதிக்காமல் கியரிலேயே விட்டால் சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும், வாக்குவமும் கிடைக்கும். வண்டி நின்றதும் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் பானட்டைத் திறக்க வேண்டும்.