ரிட்டர்ன் என்றால் வரிக்கணக்கு

"தம்பி, மே மாசம் எனக்கு ஏது வருமானம்? தடைக்காலமில்ல?"

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் அண்ணன் ஜூன் 30 அன்று போனை நீட்டினார். 'உங்கள் மே மாத ஜிஎஸ்டி வருமானத்தை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யவும்' என்று ஏதோ ஒரு செயலி அனுப்பிய தமிழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. வாங்கவுமில்லை, விற்கவுமில்லை, வருமானமே இல்லையே என்று மனுஷன் விட்டுவிட்டார். அவர் வாசித்ததில் என்ன தப்பு? ஒன்றுமே நடக்காத மாதத்துக்கும் 'இல்லை' என்று சொல்லியாக வேண்டும். அதற்கு 14409க்குக் குறுஞ்செய்தியே போதும். சொல்லாததால் 10 நாள், நாளுக்கு 20 ரூபாய் என்று 200 ரூபாய் தாமதக் கட்டணம். 'ரிட்டர்ன்' என்பதை 'வருமானம்' என்று யாரோ செய்த மொழிபெயர்ப்புக்கு இவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

ரிட்டர்ன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். திரும்புதல் என்று பொருள். இங்கிலாந்தில் நீதிமன்ற ஆணையை வாங்கிய ஷெரீப், என்ன செய்தேன் என்று எழுதி ஆணையோடு திருப்பி அனுப்புவார். அப்படியே, அரசுக்கு எழுதிக் கொடுக்கும் விவரத்துக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இது தெரியாமல்தான் ஒருவர் முதலீட்டு லாபம் என்று நினைத்து 'வருமானம்' என்கிறார். இன்னொருவர் 'வரி திரும்பல்' என்கிறார். இது இன்னும் மோசம். பணம் திரும்பி வரும் என்று ஆட்கள் காத்திருக்கிறார்கள். கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது. இதைத் திரும்பல் என்றால் அதை என்னவென்று சொல்வது? 'விவர அறிக்கை' என்பது தப்பில்லை, ஆனால் கடைக்காரர் வாயில் நுழையாது.

வரிக்கணக்கு என்றால் எல்லாம் அடங்கும். 11ஆம் தேதிக்குள் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைக் கணக்கு. 20ஆம் தேதிக்குள் கொடுக்கும் 3பி, வரி கட்டும் கணக்கு. 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டு முறையை எடுத்தால் நம் மாநிலத்தில் இந்த இரண்டுக்கும் கடைசித் தேதி 13, 22. இந்தக் கரையில் யாருக்கும் கணக்கைக் கற்றுத்தர வேண்டியதில்லை. டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். மீன்பாடு இல்லாமல் வெறும் வலையோடு வந்தாலும் கணக்கு உண்டு. அதனால் ஒன்றும் நடக்காத மாதத்துக்கான 'நில் ரிட்டர்ன்' என்பதை நான் வெற்றுக்கணக்கு என்றேன். "இப்படிச் சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே" என்றார் அண்ணன்.

தாக்கல் அரபி மூலச் சொல், அதையும் மாற்று என்று சில நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வேட்புமனு தாக்கல் என்றால் புரியாதவர் இங்கே யார்? அரபு வணிகர்கள் வந்துபோன கீழக்கரையில் நின்றுகொண்டு அரபிச் சொல் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். அது இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் செயலிக்காரர்கள் முதலில் 'வருமான'த்தை எடுக்கட்டும்.